மண்ணூர்பேட்டைக்குக் கச்சானோடு போனேன்

"பையில இன்னாக்கா வச்சினுகீற, இம்மாம் வெயிட்டு?" என்று ஷேர் ஆட்டோக்காரர் கேட்டார்.

"கச்சான், தம்பி."

"மச்சானா?"

உள்ளே இருந்த நாலு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பையின் வாயைத் திறந்து ஒரு பிடி அள்ளிக் காட்டினேன்.

"அட, வேர்க்கடலையா! எங்கேந்து வர்றீங்கோ?"

"முல்லைத்தீவு. இலங்கை."

"அங்கேந்து இத்தத் தூக்கினு வந்தியா? நம்ம பூந்தமல்லி மார்க்கெட்ல மூட்டை மூட்டையா கீதேக்கா!"

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் ஓடும் ஆட்டோவில் சொல்லி முடிக்கிற கதையல்ல அது. சிரித்து வைத்தேன்.

நான் எங்கள் ஊர்ப் பெண்கள் சங்கத்தின் செயலாளர். உறுப்பினர்கள் விளைவிக்கும் கச்சானை வறுத்து, எள்ளும் சர்க்கரையும் சேர்த்து இடித்து, உருண்டை பிடித்துச் சுற்றுவட்டார முன்பள்ளிகளுக்குக் கொடுத்து வந்தோம். காலையில் பிள்ளைக்கு ஒரு உருண்டை. ஒருநாள் சுகாதாரப் பகுதியினர் வந்து ஒரு பொதியைப் பரிசோதனைக்கு எடுத்துப்போனார்கள். பிறகு கடிதம் வந்தது. ஈரம்பட்ட கச்சானில் பிடிக்கும் பூஞ்சணம் ஒரு நஞ்சை விடுமாம். அஃப்லாடாக்சின் என்று பெயர். அது எங்கள் உருண்டையில் அளவுக்கு மேல் இருந்தது. ஈரலைக் கெடுக்கும், சிறுபிள்ளைகளின் வளர்ச்சியைத் தடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பொதியில் 'பரிசோதித்தவர்' என்ற இடத்தில் இருந்தது என் கையொப்பம்.

அன்றைக்கே நிறுத்தினோம். தாய்மார் சிலர் சங்கத்துக்கு வந்து சத்தம் போட்டார்கள். வேறு சிலர் ஒன்றும் சொல்லவில்லை. வீதியில் என்னைக் கண்டால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கத்துக்குப் போனார்கள். சத்தம் போட்டவர்களை என்னால் தாங்கிக்கொள்ள முடிந்தது.

யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருக்கும் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திதான் அம்பத்தூரில் உள்ள நாகராஜ் என்பவரின் பெயரைத் தந்தாள். சூடு தாங்காத அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யக் குளிர் பிளாஸ்மா என்ற முறையில் பெட்டி செய்து கொடுப்பவர். தானியத்திலும் அதைச் செய்து பார்க்க ஆசை என்று எங்கோ எழுதியிருந்தாராம். நான் கடிதம் போட்டேன். "கடலையோடு வாருங்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அனுமதிக் கடிதங்கள் எடுத்து, எங்கள் களஞ்சியத்தின் மூன்று மூலைகளிலிருந்தும் மூன்று துணிப்பைகளில் கச்சான் கட்டினேன். அடையாளத்துக்கு ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் மஞ்சள், மூன்றாவதில் கறுப்பு.

தங்கியது கள்ளிக்குப்பத்தில், தேவகியின் வீட்டு மாடியறையில். நாகராஜின் பட்டறையில் இயந்திரத்தை ஓட்டுபவள் தேவகி. நாற்பதுக்குள் வயது. பேச்சில் வேகம். நான் "தேவகி, நீங்கள் சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா, என்னியப் போயி நீங்கோ நாங்கோன்றே? எங்க ஊட்டாண்ட யாரும் என்னிய அப்டிக் கூப்ட்டதேயில்ல."

"எங்கட பக்கம் அப்பிடித்தான் கதைக்கிறது."

"கதையா? கதெல்லாம் அப்பால சொல்லு. மொதல்ல நாஸ்டா துன்னு."

இட்லியும் வடகறியும் கொண்டுவந்திருந்தாள். வடகறி எனக்குப் புதிது. உதிர்த்த வடையைக் குழம்பில் போட்டதுபோல இருந்தது. காரம் பின்னால் வந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தேநீர்தான் சிக்கலாகிவிட்டது. தெருமுனைக் கடையில், பாலில்லாத தேநீருக்கு எங்கள் ஊரில் சொல்வதுபோல, "வெறும் தேத்தண்ணி" என்று கேட்டேன். கடைக்காரர் சுடுதண்ணீரைக் கிளாஸில் ஊற்றி நீட்டினார்.

மறுநாள் பட்டறை. மண்ணூர்பேட்டையில், தொழிற்பேட்டையை ஒட்டிய சந்தில், இருபுறமும் இரும்பு அறுக்கும் சத்தத்துக்கு நடுவில் ஒரு நீளமான கொட்டகை. நாகராஜ் மெலிந்த மனிதர். திருச்சிக்காரர். நூம்பலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். பெரிய கணினி நிறுவனம் ஒன்றில் இருந்த வேலையை விட்டுவிட்டு இதைத் தொடங்கியவர்.

இயந்திரம் என்றதும் ஏதோ பிரமாண்டமாக எதிர்பார்த்திருந்தேன். ஒரு தையல் மேசை அளவுதான் இருந்தது. இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு தட்டைத் தள்ளிவிட்டு தேவகி விசையைத் தட்டினாள். மெல்லிய இரைச்சலோடு தகடுகளுக்கிடையே ஊதா வெளிச்சம் பரவியது. கண்ணுக்குக் குளிர்ச்சியாக, நடுங்கிக்கொண்டே நின்றது. மின்னல் வெட்டி ஓய்ந்ததும் வரும் மணம் மூக்கில் ஏறியது. அந்த வாயு வெளியே போக விசிறியும் குழாயும் வைத்திருந்தார்கள்.

"காத்துக்குள்ள கரண்ட் பாயுது மேடம், அவ்வளவுதான்," என்றார் நாகராஜ். "காத்து உடைஞ்சு, எதையாவது பிடிச்சுக்கணும்னு அலையுற துகளா மாறும். கிருமி மேல பட்டா கிருமி சாகும். நீங்க சொல்ற நஞ்சு மேல பட்டா அதோட கட்டமைப்பு உடையும். சூடு கிடையாது. பிளாஸ்டிக் குழாயை வச்சாக்கூட உருகாது."

"நாங்கோ இத்த ஊதாப் பொட்டின்னுவோம்," என்றாள் தேவகி.

சிவப்பு நூல் பையிலிருந்து ஒரு தட்டு கச்சான் உள்ளே போனது. வெளியே எடுத்து, அரைத்து, எரிசாராயம் கலந்த நீரில் குலுக்கி, வடித்து, ஒரு சின்னச் சோதனைப் பட்டையில் சொட்டு விட்டார்கள். இரண்டு கோடு வந்தால் நஞ்சு அளவுக்குக் கீழே. ஒரு கோடு மட்டும் வந்தால் மேலே.

"மாசமாகீறோமான்னு பாக்கற மாரியேதான்க்கா. ரெண்டு கோடு வந்தா நல்ல சேதி," என்றாள் தேவகி.

ஒரு கோடு வந்தது. காத்திருந்தோம். இரண்டாவது கோடு வரவே இல்லை.

மூன்றாம் நாள் நேரத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். முதலில் இரட்டிப்பு, பிறகு அதற்கும் மேல். அப்போதும் ஒரு கோடுதான். கச்சானோ காறல் வாடை அடிக்கத் தொடங்கிவிட்டது. எண்ணெய் கெட்டுவிட்டது என்றார் நாகராஜ். நஞ்சு போகாமலே சுவை போய்விட்டது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "உங்களை வீணா வரவழைச்சுட்டேனோ தெரியல," என்றார்.

பின்னேரம் தனியாகப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். பேருந்து கூட்டமாக இருந்ததால் ரயிலில் ஏறினேன். கள்ளிக்குப்பத்துக்கு அம்பத்தூரில் இறங்க வேண்டும். நான் ஏறிய ரயில் அங்கே நிற்காமல் ஓடியது. "வேகமான வண்டில ஏறிட்டீங்கம்மா" என்று யாரோ சொன்னார்கள். ஆவடியில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

நிலையத்துக்கு வெளியே ஒரு கடையோரம் ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் சீருடை போட்ட ஒருவர் வந்து நின்றார். என் கை என்னையறியாமல் கைப்பைக்குள் போய் அடையாள அட்டையைத் தேடியது. சோதனைச் சாவடிகளில் எத்தனையோ வருடத்துப் பழக்கம். அட்டையைத் தொட்ட பிறகுதான் அந்த மனிதரைச் சரியாகப் பார்த்தேன். ஒரு கையில் பால் பாக்கெட், மறு கையில் கறிவேப்பிலைக் கட்டு.

"எங்கம்மா போவணும்?"

"கள்ளிக்குப்பம்."

"இந்த மழையில ரயிலுக்குத் திரும்பப் போவாதீங்க, அந்தாண்ட பஸ் வரும்," என்று சொல்லி, பேருந்து வந்ததும் கைகாட்டி நிறுத்தி ஏற்றிவிட்டார். கறிவேப்பிலையில் ஒரு கொத்து என் தோள்பையில் சிக்கிக்கொண்டு வந்துவிட்டது. பேருந்தில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பெண் ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆடி மாதம். விடியும்போதே ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. தெருக்கோடிக் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று தேவகி என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஆடிக்கூழ் என்றதும் எனக்கு நாவூறியது. எங்கள் ஊர் ஆடிக்கூழ் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் போட்டு, வாயில் இனிக்கும். அதை நினைத்துக்கொண்டு ஒரு பெரிய வாய் குடித்தேன். புளித்த கேழ்வரகு! கூடவே கடிக்கச் சின்ன வெங்காயம், தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு. என் முகம் போன போக்கைப் பார்த்து வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டாவது வாயில் பிடித்துப்போயிற்று. வெயிலுக்கு அது செய்த வேலையை எங்கள் கூழ் செய்யாது.

வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் உட்கார்ந்தோம். பட்டறை மூடியிருந்தது. சும்மா இருக்க முடியாமல் நான் சிவப்பு நூல் பையைப் பிரித்து, நிறம் மாறியதையும் சுருங்கியதையும் பொறுக்கத் தொடங்கினேன். "சுளகு இருக்கோ?" என்று கேட்டேன். தேவகிக்குப் புரியவில்லை. கையால் புடைத்துக் காட்டினேன். "மொறமா?" என்று ஓடிப்போய்க் கொண்டுவந்தாள்.

நான் புடைத்தேன். கச்சான் எழும்பி, புரண்டு, விழுந்தது. தேவகி எதிரில் குந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"இரு இருக்கா. திருப்பி ஆட்டு."

ஆட்டினேன்.

"தோ பாரு. நீ ஆட்டச்சொல்ல கடலை பொரளுது. நம்ம பொட்டிக்குள்ள பொரளுதா? சொம்மா குந்திகினு கீது. மேல கீற கடலைக்குத்தான் வெளிச்சம் படுது. அடில கீறதுக்கு இன்னா படும்? ஒரு கடலை நெயலு இன்னொண்ணு மேல உழுதில்ல?"

"ஆசுபத்திரிச் சாமானுக்கு மட்டும் எப்பிடி வேலை செய்யுது?"

"அத்தெல்லாம் நாங்கோ ஒண்ணொண்ணா தொங்க உட்டு வப்போம்க்கா. கடலைய எப்டி தொங்க உடுவ?"

அப்போதே நாகராஜைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "தேவகி, எனக்கு ஏன் இது தோணல?" என்றது எனக்கும் கேட்டது.

"நீங்கோ கடலை பொடைச்சதில்ல சார்," என்றாள்.

வெளிச்சம் எல்லாப் பக்கமும் படவேண்டும் என்று நாகராஜும் வந்து சேர, அன்று மாலை முழுவதும் மூவருமாகக் கச்சானின் சிவப்புத் தோலை உரித்து, பருப்பை இரண்டாகப் பிளந்தோம். கீழ்வீட்டில் குடியிருந்த கணினி நிறுவனத்தில் வேலை செய்யும் பெண் ஒருத்தி என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தவள், தானும் உட்கார்ந்து உரித்தாள். அவள் ஊர் தேனிப் பக்கமாம். எங்கள் நாலு பேர் தமிழும் நாலு விதமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை தேவகி என்னைப் பக்கத்துப் பட்டறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே திருகாணி செய்கிறார்கள். ஒரு தட்டு தானே அதிர்ந்து, திருகாணிகளைப் புரட்டிப் புரட்டி ஒற்றை வரிசையாக நகர்த்திக்கொண்டிருந்தது. முந்தைய வேலையில் தேவகி அப்படி ஒரு தட்டின் முன்னால்தான் நின்றிருக்கிறாள். முதலாளி வெளியூரில். பொறுப்பில் இருந்த பீகார் இளைஞர் ராம்நாத் யோசித்தார். தேவகி தனக்குத் தெரிந்த இந்தியில் சைகையோடு விளக்கினாள். பிள்ளைகள், கடலை, நஞ்சு. ராம்நாத் முதலாளியோடு தொலைபேசியில் பேசினார். பிறகு என்னைப் பார்த்து இந்தியில் சொன்னதைத் தேவகி மொழிபெயர்த்தாள்: "எங்கூர்லயும் கடலைதான் போடறோம். இன்னிக்கி நம்மளாண்ட பழைய தட்டு ஒண்ணு சும்மா கீது, எடுத்துகினு போங்கோன்றாரு." அவரே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்து பொருத்தியும் கொடுத்தார்.

மதியத்துக்குள் தட்டு ஊதா வெளிச்சத்துக்குள் அதிர்ந்தது. கச்சான் பருப்புகள் ஒற்றை அடுக்காகப் புரண்டு புரண்டு போயின. எடுத்து, அரைத்து, வடித்து, சொட்டு விட்டோம்.

முதல் கோடு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அக்கா, கண்ணத் தொற. ரெண்டு!"

நாகராஜ் நம்பவில்லை. மறுபடி செய்தார். நஞ்சு எல்லாப் பருப்பிலும் ஒரே அளவில் இருக்காது, ஒரு நல்ல பிடியை எடுத்துவிட்டு ஏமாறக்கூடாது என்றார். பையின் மேல், நடு, அடி என்று எடுத்துச் செய்தார். எல்லாம் இரண்டு கோடு. மஞ்சள் நூல் பையும் இரண்டு கோடு. காறல் வாடை இல்லை. ராம்நாத் வாசலில் நின்று கைதட்டினார்.

கறுப்பு நூல் பையின் முடிச்சை நானே அவிழ்த்துக் கொடுத்தேன். மூன்று முறை செய்தார்கள். மூன்று முறையும் ஒரு கோடு.

நாகராஜ் ஒரு பருப்பைப் பிளந்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நடுவில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் ஊறியிருந்தது. "இது மேல்பரப்பைத்தான் சுத்தம் செய்யும் மேடம். உள்ள வரைக்கும் போயிட்டதை இது தொடாது. இதை எந்த இயந்திரத்துல போட்டும் பிள்ளைங்களுக்குக் கொடுக்கக்கூடாது. இது எங்க வச்சிருந்த கடலை?"

"ஒழுகின சுவரோட அடுக்கினது."

"யாரோடது?"

"என்ர."

அது உண்மை. சங்கத்தில் அதிக மூட்டை என்னுடையதுதான். இடம் போதாமல் அந்தச் சுவரோடு அடுக்கச் சொன்னதும் நான்தான். கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு இது தெரியும் என்றே நினைக்கிறேன். இந்தப் பெட்டி என் மூட்டைகளையும் காப்பாற்றிவிடும், யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையிருக்காது என்ற நினைப்பையும் கச்சானோடு சேர்த்தே கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். தேவகி என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், எங்கிருந்தோ பாலில்லாத தேநீர் வாங்கிவந்து என் முன்னால் வைத்தாள். சீனி அதிகம். முழுவதையும் குடித்தேன்.

பட்டை காட்டுவது மட்டும் போதாது என்று நாகராஜ் மாதிரிகளைப் பூந்தமல்லிச் சாலையில் உள்ள ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அடுத்த இரண்டு நாளும் அதற்காகக் காத்திருந்தேன். தேவகி என்னைப் பூந்தமல்லிக்குக் கூட்டிப்போய் மல்லிகைப்பூ வாங்கித் தந்தாள். பூ மார்க்கெட் சந்தில் அத்தோ என்று ஒரு பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டோம். அந்த ருசி நாக்கில் இருக்கும்போதே தொலைபேசி அடித்தது. ஆய்வக முடிவு வந்துவிட்டது. சிவப்பும் மஞ்சளும் அளவுக்கு நன்றாகக் கீழே. கறுப்பு மேலே.

அங்கேயே, பேருந்து நிறுத்தத்தின் இரைச்சலில் நின்று, எங்கள் சங்கத் தலைவி சரஸ்வதி அக்காவைக் கூப்பிட்டேன்.

"என்ன மாதிரி?" என்றார்.

"சரிவரும் அக்கா. ஆனால் எல்லாம் இல்லை. பொறுக்கி, தோல் உரிச்சு, பிளந்துதான் போடவேணும். ஒழுகின சுவரோட இருக்கிற மூட்டையள் ஒண்டும் சரிவராது. கிடங்கு வெட்டிப் புதைக்கவேணும்."

"அது முழுக்க உம்மடையெல்லே?"

"ஓம். நான்தான் அதை அங்க அடுக்கச் சொன்னனான். இதைக் கூட்டத்தில எல்லாருக்கும் சொல்லுங்கோ. நான் வந்தும் சொல்லுறன்."

"நீர் வந்து சொல்லும்," என்றார். "நான் கிடங்கை வெட்டி வைக்கிறன்."

ஊருக்குத் திரும்பியதும் முதலில் செய்தது அதுதான். பெண்கள் எல்லாரும் வட்டமாக நின்றார்கள். நான் சொன்னேன். குழியில் முதல் மூட்டையை நானே தள்ளினேன். ஒருத்தி கோபத்தில் எழுந்து போனாள். மற்றவர்கள் மண்வெட்டியை எடுத்தார்கள்.

நாகராஜ் செய்து அனுப்பிய புதிய பெட்டி அதிர்வுத் தட்டோடு புரட்டாதியில் வந்தது. அதைப் பொருத்தித் தர, வாழ்க்கையில் முதல்முறை கடவுச்சீட்டு எடுத்துத் தேவகியும் வந்தாள். எங்கள் ஊர் மின்சாரம் ஏறி இறங்கி அவளை இரண்டு நாள் பாடாய்ப் படுத்தியது. "இன்னாக்கா உங்கூரு கரண்ட்டு, இப்டி பேஜாரு பண்ணுது!" என்று திட்டிக்கொண்டே ஏதோ ஒரு பெட்டியை இடையில் மாட்டிச் சரிசெய்தாள். சம்பலைக் கண்டதும் "சட்னியா?" என்று அள்ளிப் போட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர இரண்டு செம்பு நீர் குடித்தாள்.

சுகாதாரப் பகுதியினர் மறுபடி மாதிரி எடுத்துப் பார்த்து அனுமதி தந்தார்கள். முன்பள்ளியில் முதல் தட்டு உருண்டையை வைத்தோம். தாய்மார் வந்திருந்தார்கள். பிள்ளைகளை உடம்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். நான் அனுமதிக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். ஒருவரும் அசையவில்லை. அவர்களை நான் எப்படிக் குறை சொல்வது?

முன்னால் நின்ற ஒரு தாய், சென்ற முறை வீதியில் என்னைக் கண்டு விலகிப் போனவள், என்னை விட்டுவிட்டுத் தேவகியைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்கள் சாப்பிடுவியளோ?"

அந்த "நீங்கள்" தேவகிக்கு இப்போது பழகிவிட்டிருந்தது. தட்டிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து முழுசாக வாயில் போட்டாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மென்றாள். விழுங்கினாள். இன்னொன்றை எடுத்தாள்.

"இன்னாத்துக்கு இப்டி பாத்துகினு கீறீங்கோ?" என்றாள் வாய் நிறைய. "ஷோக்காத்தான் கீது. வெல்லந்தான் கம்மி."

யாரோ சிரித்தார்கள். அந்தத் தாய் சிரிக்கவில்லை. தட்டுக்குக் கிட்ட வந்து ஓர் உருண்டையை எடுத்து, பாதியாகப் பிட்டாள். ஒரு பாதியைத் தான் சாப்பிட்டாள். மறு பாதியைக் குனிந்து மகளின் கையில் வைத்தாள்.